கண்டிக்கோட்டைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆந்திர மாநிலம் கடப்பை மாவட்டத்தில், ஜம்மலமடுகு ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது கண்டிக்கோட்டை. பாழடைந்த பழைய கோட்டைக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் போதும், பென்னாறு அறுத்துப் போட்ட பள்ளத்தாக்கு காலடியில் திறந்துகொள்ளும். மலையேறிப் பழக்கமில்லாதவர்களும் போகலாம். அப்படி எளிதாக இருப்பதால்தான் பலர் ஏனோதானோவென்று போய்விட்டு வருகிறார்கள்.

முதல் தவறு, கோட்டையைப் பார்க்காமலே திரும்புவது. வண்டியை நிறுத்தியதும் நேரே விளிம்புக்கு ஓடி, நாலு போட்டோ எடுத்ததும் கிளம்பிவிடுகிறார்கள். வழியில் இருக்கும் மாதவராயர் கோயில் கோபுரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே நேரம் போவது தெரியாது. உள்ளே பூஜை கிடையாது. மண்டபத் தூண்களின் சிற்பங்களைத் தள்ளுமுள்ளு இல்லாமல் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். கொஞ்சம் தள்ளி ஜாமியா மசூதி, அதை ஒட்டினாற்போல் கெட்டிச் சுவர்களோடு பிரம்மாண்டமான தானியக் களஞ்சியம். முற்றுகை வந்தால் தாக்குப்பிடிப்பதற்கென்றே கட்டிய கோட்டை இது என்பது அந்தக் களஞ்சியத்தின் முன்னால் நிற்கும்போதுதான் உறைக்கும். விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்ட பெம்மசானி நாயக்கர்கள் ஆண்ட இடம். பிறகு கோல்கொண்டா சுல்தானின் தளபதி மீர் ஜும்லா பிடித்தார். அவரைப் பார்க்க 1652இல் பிரெஞ்சு ரத்தின வியாபாரி தவேர்னியே இங்கே வந்திருக்கிறார். இவ்வளவையும் தாண்டிப் போய் ஆற்றை மட்டும் பார்ப்பது என் கணக்கில் பாதிப் பயணம்தான். கோட்டைக்கு மட்டும் இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

அடுத்தது உயிரோடு விளையாடும் தவறு. விளிம்பில் பெரும்பாலான இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது. பள்ளம் சுமார் 300 அடி. அங்கிருக்கும் செம்பாறை நூறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது, குவார்ட்சைட் (மணற்கல் இறுகி உண்டான கெட்டிப் பாறை) வகை. கிடைமட்டமாக அடுக்கடுக்காகவும், செங்குத்தாகப் பிளந்தும் இருப்பதால் சுண்ணாம்பு பூசாமல் அடுக்கிய செங்கல் சுவரைப் போலத்தான் நிற்கிறது. மேலே இருந்து பார்த்தால் ஒரு பலகைக்கல் மேசை மாதிரி உறுதியாகத் தெரியும். அதன் அடிக்கல் எப்போதோ கழன்று விழுந்திருக்கலாம். மேலே நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது. பக்கவாட்டில் இருந்து ஒருமுறை எட்டிப் பாருங்கள், எத்தனை கற்கள் பாதி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று புரியும். போட்டோவுக்காகக் கடைசிக் கல்லில் காலைத் தொங்கப் போட்டு உட்காராதீர்கள். பின்பக்கமாக நடந்துகொண்டே செல்பி எடுக்காதீர்கள். தூறல் விழுந்தால் பாறை வழுக்கும், அன்றைக்கு விளிம்பு வேண்டவே வேண்டாம். குழந்தைகளின் கையை அங்கே ஒரு நிமிடம்கூட விடக் கூடாது.

‘நடை எளிது’ என்று யாரோ சொன்னதை நம்பிச் சாதாரண ரப்பர் செருப்போடு வருகிறவர்களையும் பார்க்கலாம். கோட்டைக்குள் பாதை சமதளம்தான். கடைசிப் பகுதியில் பாறைகளின் மேல் ஏறி இறங்க வேண்டும். பிடிமானமுள்ள ஷூ அவசியம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற சீமை அது, நிழலுக்கு மரம் தேட வேண்டியிருக்கும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது. அப்போதும் விடியற்காலை அல்லது மாலை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். சூரியன் மறைவதைப் பார்க்க உட்காருகிறவர்கள் டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டியபின் அந்தப் பாறைகளில் செல்போன் வெளிச்சம் போதாது.

‘இந்தியாவின் கிராண்ட் கேன்யன்’ என்ற விளம்பரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு போவதும் தவறு. அமெரிக்காவில் இருப்பது ஒரு மைலுக்கும் அதிக ஆழம். இங்கே வேறு அழகு: கூப்பிடு தூரத்தில் எதிர்க்கரை, நடுவே வளைந்து போகும் ஆறு. (நம் தென்பெண்ணையும் இந்த ஆறும் நந்தி மலைப் பக்கத்தில்தான் பிறக்கின்றன.) தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்பது மழையையும் அணைகளையும் பொறுத்தது. நிறைந்திருக்கிறதே என்று கீழே இறங்கிக் குளிக்கப் போக வேண்டாம். ஆழமும் தெரியாது, அவசரத்துக்கு மேலே தூக்கி வரவும் வழியில்லை.

கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சுவரில் பெயரைக் கிறுக்கினால் இரண்டு ஆண்டுவரை சிறை, ஒரு லட்ச ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அபராதத்தை விடுங்கள், நானூறு ஐந்நூறு வருடக் கல்லில் நம் பெயர் எதற்கு? அப்புறம், கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். வீட்டு வாசலில் இருப்பவர்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள், சிப்ஸ் பாக்கெட்டை அவர்கள் தெருவில் போடாதீர்கள்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை–மும்பை பாதையில் முத்தனூரில் இறங்கலாம். ஆனால் கோட்டைவரை பேருந்து குறைவு, அதனால் ஆட்டோ பேசும்போதே திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.