சீன கார்பன் ஃப்ரேமில் ரோடு சைக்கிள்: வாங்குவது முதல் பூட்டி முடிப்பது வரை

சீன கார்பன் ஃப்ரேம் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "உடைந்துவிடாதா?" என்பதுதான். அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் நல்ல விற்பனையாளரிடம் வாங்கிய ஃப்ரேமில் தொல்லை பெரும்பாலும் வேறு ரூபத்தில் வரும். வாங்கி வைத்த பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் பேரிங் தொகுதி) உள்ளே போகாது, பின் பிரேக் போல்ட் நீளம் பத்தாது, டிரெய்லர் (பின் கியர் மாற்றி) தொங்கும் சிறு துண்டான டிரெய்லர் ஹேங்கர் வளைந்து, மாற்று தனியாக எங்கும் கிடைக்காது. இவை எல்லாமே பணம் கட்டும் முன்பே தவிர்க்கக்கூடியவை. அதனால் இந்த விளக்கத்தில் பாதி, ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியது.

படி 1: யாரிடம் வாங்குவது

பினரெல்லோ, ஸ்பெஷலைஸ்ட் போன்ற பெயர்கள் ஒட்டி மலிவாக வரும் போலி ஃப்ரேம்களை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். வெளித்தோற்றத்தை நகலெடுக்க ஒரு அச்சு போதும். உள்ளே எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்தக் கோணத்தில் கார்பன் படுக்க வேண்டும் என்பதை அந்த அச்சு சொல்லாது. வலிமை முழுக்க அந்த அடுக்குகளில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, பிரச்சினை வந்தால் பொறுப்பேற்க ஆளும் இல்லை.

சொந்தப் பெயரில் விற்கும் நிறுவனங்களைப் பாருங்கள். வின்ஸ்பேஸ், யோலியோ, வெலோபில்ட், ஹாங்ஃபூ, லைட்கார்பன், ஐகேன் போன்றவை பலருக்கும் தெரிந்த பெயர்கள். சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4210 சோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த அறிக்கையில் இருக்கும் மாடல் பெயரும் நீங்கள் வாங்கப்போகும் மாடலும் ஒன்றுதானா என்பதையும் பாருங்கள்.

"டி1000 கார்பன்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. டோரே நிறுவனத்தின் டி700 இழையின் விறைப்பு எண் 230 ஜிகாபாஸ்கல், டி800, டி1000 வகைகளுடையது 294. இது இழையின் அளவு மட்டுமே. ஒரு ஃப்ரேமில் எவ்வளவு டி1000, எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அந்த ஸ்டிக்கரில் தேடிப் பயனில்லை. ஒழுங்காக அடுக்கிய டி700 ஃப்ரேமே தொடக்கக்காரருக்குத் தாராளம்.

படி 2: அளவு

"54", "எம்" என்ற எண்ணையும் எழுத்தையும் நம்பி ஆர்டர் செய்யாதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும் பெயர் அது. ஸ்டாக், ரீச் என்ற இரண்டு அளவுகள்தான் கணக்கு. பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து ஹெட் டியூபின் (ஃபோர்க் நுழையும் முன் குழாய்) மேல் விளிம்பு வரை செங்குத்து உயரம் ஸ்டாக், கிடைமட்டத் தூரம் ரீச். இப்போது வசதியாக ஓட்டும் சைக்கிளின் இந்த இரண்டையும் எடுத்து, புதிய ஃப்ரேமின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஸ்டாக் 20 மி.மீ. குறைவாக இருந்தால் அதை ஸ்பேசர் (உயரம் கூட்டும் வளையம்) போட்டு ஈடுகட்ட வேண்டிவரும். கார்பன் ஸ்டீயரரில் (ஃபோர்க்கின் மேல் குழாய்) ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்) கீழே 30 மி.மீ.க்கு மேல் ஸ்பேசர் அடுக்காமல் இருப்பது நல்லது. இரண்டு அளவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் ஸ்டாக் பொருந்துவதை எடுங்கள், ரீச்சை ஸ்டெம் நீளத்தால் சரிசெய்துகொள்ளலாம்.

படி 3: வரைபடம் கேட்டு வாங்குங்கள்

விற்பனையாளரிடம் ஃப்ரேமின் தொழில்நுட்ப வரைபடம் கேளுங்கள். அதைத் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். அதில் பார்க்க வேண்டியவை:

பாட்டம் பிராக்கெட். பிஎஸ்ஏ, டி47 இரண்டும் மரை உள்ளவை. பிபி86 என்பது 41 மி.மீ. துளையில் பேரிங்கை அழுத்திப் பொருத்துவது. அழுத்திப் பொருத்தும் வகையில் துளை கொஞ்சம் பெரிதாகவோ, இரு பக்கத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாமலோ போனால் மிதிக்கும்போதெல்லாம் கிறீச் சத்தம் வரும், பேரிங்கும் சீக்கிரம் தேயும். மரை உள்ளது கிடைக்கும்போது வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

சக்கர அச்சு. டிஸ்க் பிரேக் ஃப்ரேமில் முன்னால் 12×100, பின்னால் 12×142 மி.மீ. என்பது வழக்கம். ஆனால் அச்சின் மொத்த நீளமும் மரையின் இடைவெளியும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும். 1.0, 1.5, 1.75 என மூன்று இடைவெளிகளும் புழக்கத்தில் உண்டு. ஃப்ரேமோடு வரும் அச்சு தொலைந்தால் மாற்று தேட இந்த எண்கள் வேண்டும்.

ஹெட்செட், அதாவது ஹெட் டியூபில் ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங்குகள். கேபிள் எல்லாம் உள்ளே போகும் ஃப்ரேம் என்றால் மேல் பேரிங், கீழ் பேரிங் இரண்டின் வெளிவிட்டம், உள்விட்டம், உயரம், சாய்வுக் கோணம் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். கோணம் 36 பாகைக்கும் 45 பாகைக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மாற்றிப் போட்டால் பேரிங் சரியாக உட்காராமல், எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் இருந்துகொண்டே இருக்கும்.

டயர் இடம். "32 வரை" என்று எழுதியிருந்தால் எந்த ரிம்மில் அளந்தது என்று கேளுங்கள். அகலமான ரிம்மில் 30 என்று அச்சிட்ட டயர் 32 ஆக விரியும். இரு பக்கமும் குறைந்தது 4 மி.மீ. இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும்.

டிரெய்லர் ஹேங்கர், சீட்போஸ்டைப் பிடிக்கும் ஆப்பு, ஹெட்செட் பேரிங் மூன்றிலும் ஒவ்வொரு உதிரியைச் சேர்த்தே ஆர்டர் செய்யுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்த மாடலையே நிறுத்தியிருப்பார்கள்.

படி 4: மற்ற பாகங்கள்

ஃப்ரேம் கைக்கு வந்து அளந்து பார்த்த பிறகுதான் மற்றதை வாங்க வேண்டும். முக்கியமான ஒரு முடிவு கியர் செட். கேபிள் ஹேண்டில்பார், ஸ்டெம், ஹெட்செட் வழியாக உள்ளே ஓடும் ஃப்ரேமில் கம்பியால் இயங்கும் கியர் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. நெருக்கமான வளைவுகளில் உராய்வு கூடி கியர் மந்தமாக விழும், கம்பி மாற்றுவது அரை நாள் வேலையாகிவிடும். அப்படிப்பட்ட ஃப்ரேமுக்கு ஷிமானோ 105 டிஐ2 போன்ற மின்னணு கியர்தான் பொருத்தம். கம்பி கியர்தான் என்று முடிவெடுத்திருந்தால், கேபிள் டவுன் டியூபில் நுழையும் ஃப்ரேமைத் தேடுங்கள்.

கிராங்க் அச்சையும் பாருங்கள். ஷிமானோவுக்கு 24 மி.மீ., ஸ்ராமின் டப் (DUB) வகைக்கு 28.99 மி.மீ. பாட்டம் பிராக்கெட் வாங்கும்போது ஃப்ரேம் ஒரு பக்கம், இந்த அச்சு ஒரு பக்கம் இரண்டுக்கும் ஒத்துப்போக வேண்டும். கேசட்டை (பின் சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி) பொறுத்தவரை, ஷிமானோவின் 12 கியர் ரோடு கேசட் பழைய 11 கியர் ஹப்பிலும் ஏறும். ஸ்ராம் 12 கியர் ரோடு கேசட்டுக்குப் பெரும்பாலும் எக்ஸ்டிஆர் (XDR) வகை ஹப் தேவை.

படி 5: பெட்டி வந்ததும்

பிரிப்பதை முழுவதும் வீடியோ எடுங்கள், புகார் செய்ய அதுதான் சாட்சி. ஹெட் டியூப், பாட்டம் பிராக்கெட் துளைகள் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். மிச்சம் விட்ட பிளாஸ்டிக் பை, தொங்கும் பிசின் துண்டு இருந்தால் எடுத்துவிடலாம். சுருங்கி மடிந்த கார்பன் அடுக்கு தெரிந்தால் படம் எடுத்து விற்பனையாளருக்கு அனுப்புங்கள். ஒரு நாணயத்தால் குழாய்களை மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். ஒரே சீராக வந்த சத்தம் ஓரிடத்தில் மட்டும் மந்தமானால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கலாம்.

நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின் அச்சு துளையின் இடப்பக்கத்திலிருந்து நூலை ஹெட் டியூபைச் சுற்றி வலப்பக்கத் துளைக்குக் கொண்டுவந்து இறுக்கிப் பிடியுங்கள். சீட் டியூபிலிருந்து இரு பக்க நூலுக்கும் உள்ள தூரம் 1 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும்.

பேரிங் உட்காரும் இடங்களிலும் மரைகளிலும் பெயின்ட் அப்பியிருப்பது அடிக்கடி நடக்கும். பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டி எடுங்கள். அதன் மேலேயே பேரிங்கை வைத்தால் கோணலாகத்தான் உட்காரும்.

படி 6: ஸ்டீயரரை வெட்டுதல்

திரும்பப் பெற முடியாத ஒரே வேலை இது. ஹோஸ் (பிரேக் திரவம் ஓடும் குழாய்) எதையும் கோர்க்காமல் ஃபோர்க், பேரிங், ஸ்பேசர், ஸ்டெம் எல்லாவற்றையும் ஒருமுறை சும்மா அடுக்குங்கள். ஸ்டெம்முக்கு மேலேயும் 5 மி.மீ. ஸ்பேசர் ஒன்று வையுங்கள். அந்த ஸ்பேசரின் மேல் விளிம்பைக் குறித்து, அதற்கு 3 மி.மீ. கீழே வெட்டுக்கோடு போடுங்கள். உயரத்தில் சந்தேகம் இருந்தால் முதலில் நீளமாகவே விடுங்கள்.

கோட்டைச் சுற்றி டேப் ஒட்டி, இன்ச்சுக்கு 32 பல் உள்ள நுண்ணிய பிளேடால், வெட்டும் வழிகாட்டிக்குள் வைத்து அறுங்கள். முக்கால் பாகம் போனதும் ஃபோர்க்கைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து முடியுங்கள். ஒரே பக்கமாக அறுத்தால் கடைசி இழைகள் கிழிந்து உரியும். முகக்கவசம் கட்டாயம், வெட்டும் இடத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். கார்பன் தூசி நுரையீரலுக்குப் பகை. மேல் மூடியின் போல்ட் பிடிக்க ஸ்டீயரருக்கு உள்ளே போடுவது விரியும் பிளக்தான். அலுமினிய ஸ்டீயரருக்கான நட்சத்திர நட்டை அடித்தால் கார்பன் சுவர் கீறிப் பிளந்துவிடும்.

படி 7: ஹோஸ், பாட்டம் பிராக்கெட், பிரேக்

எந்தக் கைக்கு முன் பிரேக் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள், பிறகு மாற்ற எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பாட்டம் பிராக்கெட் போடும் முன்பே பின் ஹோஸை ஓட்டிவிடுங்கள். அந்தத் துளை வழியாக விரலை விட்டு வழிநடத்தலாம். ஹோஸுக்கு ஸ்பான்ஜ் உறை மாட்டாவிட்டால் மேடு பள்ளத்தில் டவுன் டியூபுக்குள் தடதடவென்று தட்டும். ஹோஸ் மேல் பேரிங்குக்கு உள்ளே செல்வதால், அந்தப் பேரிங்கை மாற்ற வேண்டுமானால் பிரேக்கையே பிரிக்க வேண்டியிருக்கும். ஆகவே நல்ல பேரிங் போட்டு, கிரீஸை தாராளமாகப் பூசுங்கள்.

பின் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பாகம்) போல்ட் நீளம், செயின் பக்கமாகப் பின் சக்கரத்துக்குச் செல்லும் செயின்ஸ்டே குழாயின் தடிமனைப் பொறுத்தது. ஷிமானோ காலிப்பரானால் போல்ட்டைச் செருகிப் பாருங்கள், ஃப்ரேமுக்கு மறுபுறம் 13 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் இரண்டு மரை மட்டும் பிடித்து, நாளடைவில் பிய்த்துக்கொள்ளும். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில்தான், வேறு சில பிரேக்குகளுக்கான டாட் (DOT) திரவம் ஒரு சொட்டு கலந்தாலும் உள்ளே உள்ள ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

படி 8: இறுக்கும் அளவுகள்

டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். பாகத்தின் மேல் எண் அச்சிட்டிருந்தால் அதுவே இறுதி. இல்லாதபோது, நியூட்டன் மீட்டரில்: ஸ்டெம் போல்ட் 5, சீட்போஸ்ட் ஆப்பு 5 முதல் 6, காலிப்பர் 6 முதல் 8, ஷிமானோ கிராங்க் இடக்கை போல்ட் 12 முதல் 14, மரையுள்ள பாட்டம் பிராக்கெட் 35 முதல் 50, கேசட்டும் சென்டர்லாக் ரோட்டாரும் (ஹப்பில் ஒரே வளையத்தால் பூட்டும் பிரேக் டிஸ்க்) 40.

கார்பனும் கார்பனும் உரசும் இடத்தில் கிரீஸ் கூடாது, கார்பன் பேஸ்ட் பூசுங்கள். அதன் நுண்மணிகள் குறைந்த இறுக்கத்திலேயே பிடித்துக்கொள்ளும். சீட்போஸ்ட் இறங்குகிறது என்று 6-ஐத் தாண்டி இறுக்குவதுதான் சீட் டியூப் வெடிப்பதற்கு வழக்கமான காரணம். உலோக மரைகளில் கிரீஸ் வேண்டும். ஸ்டாண்டில் மாட்டும்போது சீட்போஸ்டைப் பிடியுங்கள், குழாயைக் கவ்வினால் நசுங்கும்.

கியர் சரிசெய்யும் முன் ஹேங்கரை அளவுகோல் வைத்து நேராக்குங்கள். புதிய ஹேங்கரும் வளைந்தே வருவதுண்டு. அதைக் கவனிக்காமல் எவ்வளவு நேரம் திருகினாலும் கியர் துல்லியமாக விழாது. செயின் நீளத்துக்கு, டிரெய்லரில் நுழைக்காமல் முன்னால் உள்ள பெரிய பல்சக்கரத்திலிருந்து பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்துக்குச் சுற்றி, இறுக்கமாக வரும் இடத்திலிருந்து ஒரு இன்ச் கூடுதலாக விடுங்கள்.

படி 9: முதல் ஓட்டம்

முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹெட்செட்டில் டக் டக் என்று வந்தால் ஸ்டெம் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல் மூடியைக் கொஞ்சம் இறுக்கி, மீண்டும் ஸ்டெம்மை 5-க்குப் பூட்டுங்கள். சமதளத்தில் பத்துப் பதினைந்து முறை வேகமாகப் பிரேக் பிடித்து பேடுகளைப் பழக்குங்கள். சுமார் 100 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி அளந்து பாருங்கள், ஸ்டெம்மைக் கழற்றி ஸ்டீயரரைச் சுற்றிலும் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயின்ட்டில் விழுந்த கோடு நகத்தில் தட்டுப்பட்டு, நாணயத்தால் தட்டும்போது சத்தமும் மந்தமாக இருந்தால், கார்பன் பழுது பார்ப்பவர் பார்த்துச் சொல்லும் வரை அந்தச் சைக்கிளில் ஏறாதீர்கள்.