மை பிராண்ட் மாற்றும் முன் ஒரு கண்ணாடி பாட்டில் சோதனை

ஊட்டி, குன்னூர் பக்கம் பேனர், ஸ்டிக்கர் பிரிண்டிங் கடை வைத்திருப்பவர்களுக்கு இது. ஒரு கம்பெனி மை தீர்ந்ததும் கோயம்புத்தூரிலிருந்து வேறு மை வரவழைத்து அப்படியே ஊற்றிவிடாதீர்கள். இரண்டும் சால்வென்ட் மைதான், ஆனால் உள்ளே உள்ள கரைப்பானும் பிசினும் வேறாக இருக்கலாம். ஒத்துப்போகாவிட்டால் பால் திரிவதுபோல் திரிந்து டேம்பரையும் (ஹெட்டுக்கு முன்னால் மை தங்கும் சிறு அறை) ஹெட்டையும் (மையைத் தெளிக்கும் பகுதி) அடைத்துவிடும்.

பழைய மை 10 மில்லி, புது மை 10 மில்லி எடுத்து ஒரு கண்ணாடி பாட்டிலில் கலந்து மூடி, பிரிண்டர் இருக்கும் அறையிலேயே 24 மணி நேரம் வையுங்கள். பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம், சில வகைகளை சால்வென்ட் கரைத்துவிடும். மறுநாள் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கட்டியோ அடியில் மண்டியோ தெரிந்தால் அந்த மை வேண்டவே வேண்டாம். நான்கு நிறத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

சோதனையில் தேறினாலும் நான் மை போகும் லைனைக் கழுவாமல் மாற்றுவதில்லை. பழைய மையை வடித்து, அதற்குரிய கிளீனிங் சொல்யூஷன் ஓட்டி, டேம்பரும் ஃபில்டரும் புதிதாகப் போட்ட அப்புறம்தான் புது மை. கழிவை கேனில் மூடி வையுங்கள். சாக்கடையில் விட்டால் கீழே இருக்கும் ஓடைக்குத்தான் போகும்.

டிசம்பர், ஜனவரி குளிரில் மை கெட்டிப்படும். காலையில் நாசில் செக்கில் (ஹெட்டின் துளைகள் எல்லாம் மை தெளிக்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பிரிண்ட்) கோடு விட்டுப்போனால் உடனே புது மைமேல் பழி போடாமல், அறையைச் சூடாக்கி மறுபடி எடுத்துப் பாருங்கள். கரி அடுப்பு மட்டும் கூடாது, சால்வென்ட் ஆவி தீப்பிடிக்கும். மை மாற்றினால் நிறமும் சற்று மாறும், புது புரொஃபைல் (நிறத்தைச் சரியாக வரவைக்கும் செட்டிங் ஃபைல்) போட வேண்டும். அதனால் மே மாத சீசன் ஆர்டர் குவிவதற்குள் மாற்றி முடித்துவிடுங்கள்.