பெங்களூரில் ஆய்வு, தமிழில் ஒப்புதல் படிவம்: எத்திக்ஸ் கமிட்டிக்கு முதல் முறை அனுப்புபவர்களுக்கு

எம்.டி., எம்.எஸ்., நர்சிங் ஆய்வுகளுக்கு விண்ணப்பிப்பவர்கள் புள்ளியியலுக்கு மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். ஆய்வில் சேரச் சம்மதம் கேட்டு நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தைக் கடைசி இரவில் மொழிபெயர்க்கிறார்கள். எத்திக்ஸ் கமிட்டியிலிருந்து, அதாவது பங்கேற்பவர்களின் பாதுகாப்பைப் பார்த்து ஆய்வுக்கு அனுமதி தரும் குழுவிலிருந்து, கோப்பு திரும்பி வருவது பல நேரம் அந்தப் படிவத்தால்தான். பெங்களூரு மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவில் அல்சூர், ஸ்ரீராமபுரம் தமிழர்கள் இருப்பார்கள். ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களும் இருப்பார்கள். கன்னடப் படிவத்தோடு தமிழ்ப் படிவமும் கட்டாயம் தேவைப்படும். இந்தப் பதிவு முக்கியமாக அதைப் பற்றியது.

1. எந்தக் கமிட்டி?

புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வு என்றால் கமிட்டி சி.டி.எஸ்.சி.ஓ. எனப்படும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவு பெற்றிருக்க வேண்டும். மற்ற உயிரியல் மருத்துவ ஆய்வுகளுக்கு மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் பதிவு. இரண்டும் 2019-ஆம் ஆண்டு விதிகளில் உள்ளவை. பதிவு எண்ணையும் அது காலாவதியாகும் நாளையும் கமிட்டி அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்து ஆய்வு நடக்கும் இடத்தில் கமிட்டி இல்லையென்றால் அதே நகரத்திலோ 50 கிலோமீட்டர் சுற்றளவிலோ உள்ள பதிவு பெற்ற கமிட்டியை அணுகலாம்.

2. எந்த வகைப் பரிசீலனை?

விலக்கு (பரிசீலனை தேவையில்லை என விடுவது), விரைவுப் பரிசீலனை (சில உறுப்பினர்கள் மட்டும் பார்ப்பது), முழுக் கமிட்டி (எல்லோரும் கூடி முடிவெடுப்பது) என மூன்று வகை. "என்னுடையது வெறும் கேள்வித்தாள், அனுமதியே வேண்டாம்" என்று ஆய்வாளர் தானே முடிவு செய்யக் கூடாது. விலக்கு தருவதும் கமிட்டிதான். பழைய கேஸ் ஷீட்டுகளை மட்டும் பார்க்கும் ஆய்வுக்கும் இதுவே பொருந்தும்: நோயாளிகளிடம் ஒப்புதல் பெறுவதிலிருந்து விலக்கு வேண்டும் என்று காரணத்தோடு எழுதிக் கேளுங்கள்.

3. தமிழ்ப் படிவம்

இங்கே அவசரப்படாதீர்கள். மருந்து ஆய்வை முடிவு செய்யும் கூட்டத்தில் குறைந்தது 5 பேர் இருக்க வேண்டும்: மருத்துவ விஞ்ஞானி, நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர், சட்டம் தெரிந்தவர், சமூகவியலாளர் போன்ற ஒருவர், துறை சாராத சாமானியர் ஒருவர். அந்தச் சாமானியர் கையில் உங்கள் படிவம் இருப்பதாக நினைத்து எழுதுங்கள்.

இயந்திர மொழிபெயர்ப்பை நம்பி அனுப்பவே கூடாது. 'டிரையல்' (மருந்துச் சோதனை) நீதிமன்ற விசாரணை ஆகிவிடும். ஆய்வின் இரு 'ஆர்ம்' (ஒப்பிடப்படும் பிரிவுகள்) இரண்டு கைகள் ஆகிவிடும். 'சப்ஜெக்ட்' (பங்கேற்பவர்) பள்ளிப் பாடம் ஆகிவிடும். அகராதித் தமிழும் உதவாது. சில மாற்றுகள்:

'தன்னார்வப் பங்கேற்பு' வேண்டாம். தொண்டு நிறுவன வேலை என்று நினைப்பார்கள். "உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் சேரலாம். சேராவிட்டாலும் இங்கே கிடைக்கும் சிகிச்சை குறையாது" என்று எழுதுங்கள்.

'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு' என்பதற்கு: "எந்த மருந்து உங்களுக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பது போலக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். மருத்துவர் தேர்ந்தெடுப்பதில்லை."

'5 மி.லி. இரத்தம்' என்பதோடு "ஏறக்குறைய ஒரு டீஸ்பூன்" என்று சேருங்கள். எத்தனை முறை எடுப்பீர்கள் என்பதும் வேண்டும்.

'ரகசியம் காக்கப்படும்' என்று ஒரே வரியில் முடிப்பது பொய் வாக்குறுதி. "உங்கள் பெயருக்குப் பதில் ஓர் எண் எழுதுவோம். பெயர்ப் பட்டியல் பூட்டிய அலமாரியில் இருக்கும். தேவைப்பட்டால் எத்திக்ஸ் கமிட்டியும் அரசு அதிகாரிகளும் பார்க்கலாம்" என்பதே உண்மை.

'ஆராய்ச்சி' என்ற சொல்லைத் தவிர்க்காதீர்கள். அதைக் கேட்டால் நோயாளி பயப்படுவார் என்று 'சிறப்புச் சிகிச்சை', 'புது ட்ரீட்மென்ட்' என்று எழுதுபவர்கள் உண்டு. இது ஆராய்ச்சி என்று சொல்வதுதான் படிவத்தின் முதல் கடமை. அதை மறைத்து வாங்கிய கையெழுத்து ஒப்புதல் ஆகாது.

அடிக்கடி விடுபடுபவை மூன்று. பாதியில் விலகினால் எடுத்த இரத்தமும் தகவலும் என்ன ஆகும், ஆய்வால் பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, கமிட்டியின் உறுப்பினர் செயலரை எந்த எண்ணில் அழைப்பது. உங்கள் எண்ணை மட்டும் கொடுத்தால், உங்கள் மீதே புகார் உள்ளவர் யாரிடம் போவார்?

எழுதி முடித்ததும் மீள்மொழிபெயர்ப்பு. தமிழாக்கியவர் ஒருவர், அதை ஆங்கிலத்துக்குத் திருப்புபவர் வேறொருவர். இரண்டாமவர் ஆங்கில மூலத்தைப் பார்த்திருக்கக் கூடாது. ஒரே ஆளிடம் இரண்டு வேலையையும் கொடுத்தால் பிழை தெரியாது, நினைவிலிருந்தே திருப்பிவிடுவார். அதன்பின் மருத்துவம் படிக்காத நான்கைந்து பேருக்கு வாசித்துக் காட்டி, "புரிந்ததா?" என்று கேட்காமல், "வேண்டாம்னு சொன்னா என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்க" என்று கேளுங்கள். சொல்லத் தடுமாறும் இடத்தில் வாக்கியத்தை மாற்றுங்கள்.

4. பேசுவது தமிழ், படிப்பது எது?

பெங்களூரில் பலர் தவறவிடுவது இது. வீட்டில் தமிழ் பேசி, கன்னட வழியிலோ ஆங்கில வழியிலோ படித்தவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாமல் இருக்கலாம். அவரிடம் தமிழ்ப் படிவத்தை நீட்டினால் கூச்சத்தில் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆகவே இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த மொழியில் கேட்டால் நன்றாகப் புரியும்? எந்த எழுத்தைப் படிப்பீர்கள்? கேட்பது தமிழ், படிப்பது கன்னடம் என்றால் தமிழில் வாசித்து விளக்கி, தமிழ் தெரிந்த நடுநிலைச் சாட்சி ஒருவரை உடன் வைத்து, வீட்டுக்குக் கன்னடப் பிரதியைக் கொடுத்தனுப்புங்கள். இந்த முறையை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதி, இரண்டு மொழிப் படிவங்களுக்கும் அனுமதி வாங்கிவிடுங்கள்.

சாட்சி ஆய்வுக் குழுவில் இருக்கக் கூடாது; உங்கள் ஆய்வில் வேலை செய்யும் வார்டு நர்ஸ் சாட்சி ஆக முடியாது. கைநாட்டு வைப்பவருக்கும் சாட்சி கட்டாயம். தேதியை முடிந்தவரை பங்கேற்பவரே எழுதட்டும். எல்லாப் படிவத்திலும் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் தேதி இருந்தால் கண்காணிக்க வருபவர் அங்கேதான் முதலில் நிறுத்துவார்.

யார் கையெழுத்திடுகிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு எச்.பி.வி. (கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) தடுப்பூசித் திட்டம் ஓர் உதாரணம். அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் ஊசி போடப்பட்ட பள்ளி மாணவிகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. 18 வயது நிறையாதவர் என்றால் பெற்றோர் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயது வரை குழந்தையின் வாய்மொழி இசைவும், அதற்கு மேல் எழுத்து இசைவும் வேண்டும். அந்த இசைவுப் படிவமும் தமிழில் தனியாக வேண்டும்.

5. கோப்பு

யூனிகோட் மட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டினால் அது இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு, 14 புள்ளி அளவு எங்கள் தேர்வு. வயதானவர்களுக்கும் படிக்க வரும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண், தேதி, "பக்கம் 2 / 4". மொழிக்கு மொழி பதிப்பு எண் மாறினால் கோப்பு அன்றே திரும்பும். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெளியிட்டுள்ள பொது விண்ணப்பப் படிவங்களை உங்கள் கமிட்டி ஏற்கிறதா, சொந்தப் படிவம் கேட்கிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள்.

கமிட்டியிடமிருந்து கேள்விகள் வந்தால் மூன்று நெடுவரிசை அட்டவணை: அவர்கள் கேள்வி, உங்கள் பதில், மாற்றிய பக்க எண். மாற்றிய வரிகளுக்கு நிறம் பூசிய பிரதி ஒன்று, சுத்தப் பிரதி ஒன்று.

6. அனுமதிக்குப் பின்

மருந்து அல்லது சிகிச்சை ஆய்வு என்றால் முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன் சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு முடிந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல், ஆட்களைச் சேர்த்த பிறகு பதிவு செய்வது கிடையாது. கடுமையான பாதிப்பு நேர்ந்தால், உதாரணமாக உயிரிழப்போ மருத்துவமனையில் சேர்க்கும் நிலையோ வந்தால், தெரிந்த 24 மணி நேரத்துக்குள் கமிட்டிக்குத் தகவல் போக வேண்டும். அது உங்கள் மருந்தால்தானா என்று ஆராய்ந்து முடிக்கக் காத்திருக்கக் கூடாது.

பின்சேர்க்கை: "எழுத்துப்பிழையைத் திருத்தினால் மறுபடி அனுமதி வேண்டுமா?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டும். பங்கேற்பவர் கைக்குப் போகும் தாளில் ஒரு சொல் மாறினாலும் புதிய பதிப்பு எண் போட்டு, என்ன மாற்றம் என்று ஒரு கடிதம் வைத்து அனுப்புங்கள். சிறு திருத்தத்தைப் பொதுவாக விரைவுப் பரிசீலனையில் முடித்துவிடுவார்கள். அனுமதி வரும்வரை பழைய பதிப்பிலேயே கையெழுத்து வாங்குங்கள்.