மதுரைக் காலை: டீக்கும் பருத்திப்பாலுக்கும் முன் கவனிக்க

மாசி வீதிகள் பக்கம் காலைச் சாப்பாட்டுக்குப் போகிறவர்கள் ஆறரைக்குள் போய்விடுங்கள். முதல் ஈடு இட்லியும் முதல் எண்ணெயில் வெந்த வடையும் அப்போதுதான் கிடைக்கும். வடைச் சட்டியில் எண்ணெய் கறுத்து நுரை கட்டியிருந்தால் அந்தக் கடையில் டீ மட்டும் போதும்.

டீயில் பலர் கோட்டை விடுவது சர்க்கரையில். மாஸ்டர் கிளாஸில் முதலில் போடுவதே சர்க்கரைதான். டிக்காஷன் ஊற்றிய பிறகு ‘கம்மியா’ என்று சொல்லிப் பயனில்லை. ‘சர்க்கரை கம்மி, ஸ்ட்ராங்’ என்று முதலிலேயே சொல்லுங்கள். பையில் புதுத்தூள் போட்டதும் வரும் டிக்காஷன்தான் மணக்கும். அதே தூள் நெடுநேரம் ஊறினால் கசப்பு நாக்கில் நிற்கும். தூள் மாற்றும் வரை இரண்டு நிமிடம் நிற்கலாம், தப்பில்லை.

பருத்திப்பாலை விட்டுவிடாதீர்கள்! பருத்திக்கொட்டையை இரவு ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் அரிசிமாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலக்காய் சேர்த்துக் காய்ச்சுவது. மாவு அடியில் தங்கும், ஆகவே நன்றாகக் கலக்கி ஊற்றச் சொல்லுங்கள். பச்சை வாடை வந்தால் கொதி போதவில்லை. மேலே தேங்காய்ப்பூ கேட்டு வாங்குங்கள். வயிறு நிறைக்கும் சாமான் இது, இட்லிக்கு முன் வேண்டாம்.

சில்லறை பத்து, இருபதாக எடுத்துப் போங்கள்.