கதைக்கருக்களைச் சேர்த்து வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுதுபவர்கள் செய்யும் முதல் தவறு, மனத்தில் தோன்றிய ஒவ்வொன்றையும் முடித்தே தீர வேண்டிய வேலையாக எண்ணிக்கொள்வது. நாற்பது கதைக்கருக்களைக் குறித்து வைத்திருப்பவர் நாற்பது கதைகளுக்குக் கடன்பட்டவர் அல்லர். ஆனால் கருவையும் கையிலுள்ள வேலையையும் ஒரே பட்டியலில் கலந்து வைத்தால், நோட்டைத் திறந்ததுமே கடன் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்பதைப் போன்ற மலைப்பு தோன்றும். தோன்றியவற்றுக்கு ஒரு நோட்டும், இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று வேலைகளுக்கு வேறொரு நோட்டும் வைத்துக்கொள்வது நல்லது. முதல் நோட்டில் ஒரு கரு எத்தனை ஆண்டுகள் கிடந்தாலும் குற்றமில்லை.

அடுத்தது, சுருக்கமாகக் குறித்தாலே போதும் என்று நம்புவது. என் பழைய டைரி ஒன்றில் "மாம்பழக் கூடை, கடைசி பஸ், அக்கா" என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடும் இட்டிருக்கிறேன். எந்த அக்கா, அந்தக் கூடைக்கு என்ன ஆனது என்பது இன்று அடியோடு மறந்துவிட்டது. அன்றே அரை நிமிடம் செலவிட்டு, என்னை உலுக்கியது எது என்று ஒரு முழு வாக்கியம் எழுதியிருந்தால் அந்தக் கதை பிழைத்திருக்கும்.

பிறகு ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்ற நினைப்பு மேதைகளையும் விட்டதில்லை. லியனார்டோ டா வின்சி 1508 மார்ச் 22 அன்று புளோரன்ஸில் தொடங்கிய குறிப்புகளின் முகப்பில், இது ஒழுங்கற்ற தொகுப்பு என்றும், பின்னர் உரிய இடங்களில் வைக்க எண்ணியிருப்பதாகவும் எழுதினார். அவருடைய குறிப்புகளில் 7,000 பக்கங்களுக்கு மேல் இன்றும் எஞ்சியுள்ளன. ஆனால் தம் ஆய்வு நூல் ஒன்றையும் அவர் வாழ்நாளில் வெளியிடவில்லை.

இதற்கு நேர்மாறான தவறு, எழுதுவதற்கு முன்பே தலைப்புகள், உட்தலைப்புகள், வண்ணங்கள் என்று பெரிய அமைப்பைக் கட்டி முடிக்க முனைவது. ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் ஏறத்தாழ 90,000 துண்டுச்சீட்டுகளைச் சேர்த்தவர். அவர் ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எண் இட்டு, தொடர்புடைய பழைய சீட்டுக்குப் பின்னால் செருகினார். அந்த அமைப்பு எழுத எழுதத்தான் வளர்ந்தது.

வாட்ஸ்அப்பில் தமக்குத் தாமே அனுப்பியவை, பஸ் டிக்கெட்டின் பின்புறம் கிறுக்கியவை ஆகியவற்றை வாரம் ஒரு முறை ஒரே நோட்டில் சேர்த்துவிட வேண்டும். அப்போதே, மூன்று மாதங்களாகத் தொடாத வேலை எதுவும் இரண்டாம் நோட்டில் இருந்தால், அதைத் தயங்காமல் முதல் நோட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடலாம்.