மொட்டைமாடியில் கும்மி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

மும்பை செம்பூரில் நவராத்திரி வந்தால் திரும்பிய பக்கமெல்லாம் கர்பா, குஜராத்திகளின் வட்ட நடனம். வருடம் முழுக்க உட்கார்ந்துவிட்டு ஒன்பது இரவும் ஆடி, பத்தாம் நாள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்த கூட்டத்தில் நானும் உண்டு. இப்போது எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டிப் பெண்கள் ஆறு பேர் மொட்டைமாடியில் கும்மியடிக்கிறோம். மேளம் வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டாம். கையும் தொண்டையும் போதும்.

முதலில் தரை. வெறும் கான்கிரீட்டில் வெறுங்காலோடு ஆடினால் மறுநாள் குதிகால் வலிக்கும். மெத்தென்ற ஷூ போடுங்கள். மழைக்காலத்தில் பாசி வழுக்கும், ஹாலுக்கு மாறிவிடுங்கள். முழங்கால் வலி, இதய நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

5 நிமிடம் வட்டமாகச் சும்மா நடங்கள். தோளையும் கணுக்காலையும் சுழற்றுங்கள்.

அப்புறம் ஆட்டம். வலக்காலைப் பக்கவாட்டில் வைத்து இடக்காலைச் சேருங்கள். வட்டத்துக்குள் திரும்பி, தாழ்ந்து ஒரு தட்டு. நிமிர்ந்து ஒரு தட்டு. மறுபடி அதே. தாழ்வதில்தான் விஷயம் இருக்கிறது. கும்மி என்றால் குனிவது என்று நினைத்து முதல் வாரம் முதுகை வளைத்து வளைத்துத் தட்டினேன். நான்கு நாள் குக்கரை இறக்க முடியவில்லை. மணையில் உட்காரப் போய்ப் பாதியிலேயே எழுந்துவிடுவது மாதிரி இடுப்பைப் பின்னே தள்ளி முழங்காலை மடக்குங்கள். முதுகு நேராக இருக்கட்டும். தொடை கனத்தால் சரியாகச் செய்கிறீர்கள். தாதர் ஸ்டேஷன் படியேற உதவுவது அந்தத் தொடைதான்.

வேகம் போதுமா என்று பாட்டே சொல்லிவிடும். மிதமான உழைப்பில் பேச வரும், பாட வராது என்பது பயிற்சியாளர்களின் கணக்கு. நாலு வரியையும் தாராளமாகப் பாட முடிந்தால் தாளத்தைக் கூட்டுங்கள். பாதி வரியில் மூச்சு வாங்கினால் அதுதான் அளவு. மீதியை அடுத்தவள் வாங்கிப் பாடட்டும், கும்மியில் அது வழக்கம்தானே. பேச்சே வரவில்லையென்றால் நடைக்கு இறங்குங்கள்.

முதல் வாரம் 10 நிமிடம், 3 நாள். பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் ஏற்றுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. நாங்கள் 40 நிமிடம் வீதம் 4 நாள் ஆடுகிறோம். தசைப் பயிற்சி 2 நாள் தனியாக வேண்டும், கும்மி அதற்கு ஈடாகாது. ஆனால் நம் எடையை நம் காலே தாங்கி ஆடுவதால் எலும்புக்கும் வேலை கிடைக்கிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகத் தேயும் நமக்கு இது சின்ன விஷயமில்லை. எடை குறையுமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். சாப்பாட்டில் கை வைக்காமல் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

முடிந்ததும் பொத்தென்று உட்காராதீர்கள். மெதுவாக இரண்டு சுற்று நடந்து, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டுங்கள், காலுக்கு 30 விநாடி. இறங்கும்போது மாடிச் சாவியை மறக்காமல் திருப்பிக் கொடுங்கள். நாங்கள் ஒருமுறை மறந்து, ஒரு வாரம் கார் நிறுத்துமிடத்தில் ஆட வேண்டியதாயிற்று.