இங்கிலாந்தின் சுண்ணாம்புப் புல்வெளிக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தென் இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ் குன்றுகளில் சீமைச்சுண்ணாம்புப் பாறைமேல் மண் மெல்லிய படலமாகத்தான் கிடக்கும். அதில் சத்தும் குறைவு. அதனாலேயே எந்தப் புல்லும் ஓங்கி வளர்ந்து மற்றதை அமுக்க முடிவதில்லை. ஒரு சதுர மீட்டரில் 40 வகைச் செடிகள்கூட நெருக்கியடித்து வாழ்கின்றன. இது தெரியாமல் போவதால்தான் பாதித் தவறுகள்.

நாயின் கழிவை 'உரம்தானே' என்று விட்டுவருகிறார்கள். உரம்தான், அதுதான் வினை. சத்து ஏறிய இடத்தில் முரட்டுப் புல் மண்டி, சின்னப் பூச்செடிகள் ஒழிந்துபோகும். பையில் அள்ளி, அதே பையை வேலியில் தொங்கவிட்டுப் போகும் புண்ணியவான்களும் உண்டு! மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, பொதுமக்கள் உலவத் திறந்துவிட்ட நிலங்களில் நாயைக் குட்டைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். வானம்பாடி தரையில்தான் கூடு கட்டுகிறது.

அடுத்தது கேமராக்காரர்கள். ஜூனில் தேனீ ஆர்க்கிட் பூக்கும். ரோஜா நிற இதழ்களுக்கு நடுவே பழுப்பு வெல்வெட் உதடு, தேனீ வந்து உட்கார்ந்ததுபோலவே இருக்கும். அதற்காகக் குப்புறப் படுப்பவர் வயிற்றுக்கடியில், இன்னும் பூக்காத கன்றுகள் தரையோடு தரையாக இலை விரித்திருக்கும். விதையிலிருந்து பூக்கப் பல ஆண்டு பிடிக்கும் செடி இது. பாதையில் நின்றபடி ஜூம் செய்தால் போதும்.

தோண்டி எடுத்துப்போய் வீட்டில் வைக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். குறிப்பிட்ட மண்பூஞ்சையின் துணையின்றி ஆர்க்கிட் விதை முளைத்துத் தேறாது. மேலும், நில உரிமையாளர் அனுமதியின்றி எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அரிய பூவைக் கண்டால் துல்லியமான இடத்தைப் பதிவில் போடாதீர்கள். அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட மிலிட்டரி ஆர்க்கிட் 1947இல் மறுபடி கிடைத்தபோது, அந்த இடத்தைப் பல ஆண்டுகள் ரகசியமாகவே வைத்திருந்தார்கள்.

தைம் என்ற மணச்செடி படர்ந்த மண்மேடு உட்கார வாகாகத் தெரியும். அது மஞ்சள் எறும்புகளின் புற்று. சாக்ஹில் புளூ வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கு எறும்புகள்தான் காவல். புழுக்கள் சுரக்கும் இனிப்புதான் எறும்புகளுக்குக் கூலி.

'ஆடு மேய்ந்து பூவெல்லாம் போச்சு' என்று புகார் எழுதாதீர்கள். 1953இல் வந்த கொள்ளைநோயில் முயல்கள் மடிந்து மேய்ச்சல் குறைந்ததும், பல சரிவுகளில் முட்புதர் ஏறிவிட்டது. எந்தத் துண்டில் எப்போது ஆடு மேய வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் விடுகிறார்கள். மூடியிருந்த வாயிற்கதவைத் திறந்தால், மறக்காமல் மூடிவிட்டு நடங்கள்.